கல்லில் எழுதியதும் கட்டில் கிடப்பதும்: ஊர் வரலாறும் அரசும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் எழுப்ப வேண்டிய வினா, 'இவ்வூரில் என்ன நிகழ்ந்தது?' என்பதன்று. 'நிகழ்ந்ததை யார், எதற்காக எழுதி வைத்தார்கள்? அது இன்று எங்கே இருக்கிறது?' என்பதே. கடையநல்லூர், செங்கோட்டை, தென்காசி ஆகியவற்றை அண்டை ஊர்களாகக் கொண்ட நமது அச்சன்புதூரை எடுத்துக்கொண்டு இவ்வினாவுக்கு விடை தேடினால், அரசு எனும் அமைப்பு உள்ளூர் வரலாற்றைக் காத்த விதமும் காவாது விட்ட விதமும் தெளிவாகும்.

முற்கால அரசின் ஆவணக் காப்பகம் கற்சுவரே. 15ஆம் நூற்றாண்டில் தென்காசியில் விசுவநாதர் ஆலயத்தை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், அங்குப் பாடல் வடிவில் கல்வெட்டுகளையும் பொறித்தான். பிற்காலத்தில் அப்பணிக்குக் குறை நேருமாயின், அதைச் சீர்செய்வோரின் அடி பணிவதாக அவற்றில் அவன் கூறுகிறான். சிதைந்து நெடுங்காலம் நின்ற கோபுரம் 1990இல் புதுப்பிக்கப்பெற்றது. எழுத்தறிந்த எவரும் நின்று படிக்கக்கூடிய பொது இடத்தில் பொறிக்கப்பட்டமையால், அவ்வேண்டுகோள் நூற்றாண்டுகளைக் கடந்தும் மறக்கப்படவில்லை. காப்பதும் பகிர்வதும் அங்கே ஒரே செயலாக இருந்தன.

ஆங்கிலேயர் ஆட்சியில் கல்லின் இடத்தைக் காகிதம் பிடித்தது. காப்பது வேறு, பகிர்வது வேறு என்றாயிற்று. 1858இல் பணி தொடங்கிய இனாம் கமிஷன், சென்னை மாகாணமெங்கும் கோயில், பள்ளிவாசல், தர்கா, சத்திரம் ஆகியவற்றுக்கு விடப்பட்டிருந்த மானிய நிலங்களை ஆராய்ந்தது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், நோக்கம் என்ன, பரப்பு எவ்வளவு என்பனவெல்லாம் பதிவேடுகளில் ஏறின. நிலவரி பற்றிய கவலையே இதன் காரணம், வரலாற்றார்வம் அன்று. ஆயினும் இன்றளவும் நீதிமன்றங்கள் மதிக்கும் சான்றுகளாக அவை விளங்குகின்றன. சென்னை எழும்பூரில் 1909இல் கட்டி முடிக்கப்பெற்ற ஆவணக் காப்பகக் கட்டடம் மாகாண அரசின் ஆவணங்களுக்கு இருப்பிடமாயிற்று. ஹென்றி டாட்வெல் போன்ற வரலாற்றறிஞர்கள் அதன் காப்பாளர்களாக இருந்துள்ளனர். 1973 முதல் அது தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எனப் பெயர் பெற்றது.

பொதுமக்களுக்கு எட்டியவை அச்சு நூல்களே. கால்டுவெல் பாதிரியார் எழுதிய திருநெல்வேலி வரலாற்றை 1881இல் அரசு அச்சகமே வெளியிட்டது. 1917இல் பேட் என்பார் தொகுத்த மாவட்ட விவரச் சுவடி வெளிவந்தது. இவை அரிய நூல்கள். எனினும் ஆள்வோரின் கண்கொண்டு எழுதப்பட்டவை. பாளையங்களும் போர்களும் வரிகளும் அவற்றில் விரிவாக உண்டு. நெசவாளி, வணிகர், ஆலிம், பள்ளிவாசல் இமாம் ஆகியோரின் வாழ்வை அங்கே தேடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர்.

எல்லைகள் மாறும்போது ஆவணங்கள் சிதறுவதும் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிப் பகுதியாக இருந்தது. ஆகவே அப்பகுதியின் பழைய ஆவணங்களைத் தேடுவோர் திருவனந்தபுரத்துக் காப்பகத்தையும் நாட வேண்டும். பழைய மலையாள எழுத்தும் அறிந்திருக்க வேண்டும். 1887 முதல் ஆண்டறிக்கைகளில் பட்டியலிடப்பட்டு வந்த தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளோ மைசூரில் இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் ஆணையிட்டது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். ஆக, நம் வட்டாரத்தின் நினைவு பல ஊர்களில் பகுந்து கிடக்கிறது.

நம் சமுதாயத்தின் வரலாறு பிறர் இல்லத்தில் காக்கப்பட்டதற்கும் சான்றுண்டு. இராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, சோனகச் சாமந்தப் பள்ளி எனும் பள்ளிவாசலுக்கு நிலம் விடப்பட்ட செய்தியைக் கூறுகிறது. அப்பள்ளியின் பெயரை இன்று நாம் அறிய உதவுவது ஒரு பெருமாள் கோயிலின் சுவர். உள்ளூர் வரலாற்றைச் சமயவாரியாகப் பிரித்துக் காக்க இயலாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா?

இனி, அரசு காவாது விட்டவற்றைக் காண்போம். மஹல்லாக்களின் நிகாஹ் தஃப்தர்கள், பள்ளிவாசல் வரவு செலவுக் குறிப்புகள், இலங்கை, பர்மா, மலாயா சென்றோர் எழுதிய கடிதங்கள், அரபுத்தமிழ்ச் சுவடிகள், மையவாடி மீஸான் கற்கள் ஆகியன எந்தக் கலெக்டர் அலுவலகத்துக்கும் தேவைப்படவில்லை. உஸ்மானியப் பேரரசிலோ நிலைமை வேறு. அங்கே காழிகள் தம்முன் வந்த விற்பனை, கடன், மஹர், வக்ஃபு யாவற்றையும் ஸிஜில் எனும் பதிவேடுகளில் எழுதினர். ஜெரூசலம், பூர்ஸா முதலிய நகரங்களில் எளிய மக்களும் பெண்களும் வாழ்ந்த வாழ்வை வரலாற்றாசிரியர்கள் இன்று எழுத முடிவது அவற்றால்தான். நம் நிகாஹ் தஃப்தரும் அத்தகையதே. மணமக்கள், வலீ, சாட்சிகள், மஹர்த் தொகை என ஒவ்வொரு பக்கமும் ஊரின் உறவுமுறையையும் பொருளாதார நிலையையும் காட்டும். அத்தகைய ஏடு கரையானுக்கு இரையாகுமானால், அதற்கு மறுபடி எழும்பூரில் இராது.

இது வெறும் ஆய்வாளர் கவலையன்று. 2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம், முன்னரே பதிவான வக்ஃபுகளின் விவரங்களையும் 'உமீத்' எனும் இணையதளத்தில் ஆறு மாதங்களுக்குள் ஏற்றுமாறு பணித்தது. அச்சட்டம் பற்றிய வாதங்கள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஆயின் ஒன்று உறுதி: தன் ஆவணம் எங்குள்ளது என அறியாத ஜமாஅத், கேள்வி எழும் நாளில் தடுமாறும்.

கடனைக் கூட எழுதி வைக்குமாறும், எழுதுவதில் சோர்வு கூடாதென்றும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கற்பிக்கிறது. அவ்வேவலை ஏற்ற நாம் செய்யக்கூடியவை எளியனவே. முதலாவது, தஃப்தர்களையும் பத்திரங்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு படியை வேற்றிடத்தில் வைத்தல். இரண்டாவது, மீஸான் கற்களின் எழுத்துகளைப் பெயர்த்தெழுதுதல். சுண்ணாம்பு பூசும் முன்னரே இது நடைபெற வேண்டும். மூன்றாவது, எழும்பூரிலுள்ள இனாம் பதிவேடுகளில் தம் ஊர்ப் பக்கங்களுக்கு நகல் பெறுதல். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017 முதல் நடத்திவரும் மின்னூலகத்தில் பழைய நூல்கள் பலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். அரசின் கடமை அங்கே நின்றுவிடலாகாது. வட்டார ஆவணங்களின் படிகள் அந்தந்த மாவட்ட நூலகத்திற்கும் வர வேண்டும்.

படமெடுத்தவற்றைப் பூட்டி வைத்தல் போதாது. பராக்கிரம பாண்டியன் தன் வேண்டுகோளைப் பெட்டியில் வைக்கவில்லை. மக்கள் காணும் சுவரில் வைத்தான். பலர் அறிந்த ஏட்டைத்தான் பலரும் காப்பர்.