தூக்குமேட்டில் ஒரு நீராடுதுறை

ஒரு நகரத்தின் வரலாற்றை அறியப் புகுவோர் அதன் கோட்டைகளையும் கோபுரங்களையுமே முதலில் நாடுவது வழக்கம். நாம் இன்று நாடுவது ஒரு நீச்சல் குளத்தை. ஸ்விட்ஜர்லாந்து நாட்டு ஜூரிச் நகரில், லெட்சிகிராபன் என்னுமிடத்தில், திறந்த வானத்தின்கீழ் அது அமைந்துள்ளது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, இக்குளத்திற்கான அமைப்புத் திட்டங்களை நகராட்சி போட்டி முறையில் கோரியது. 1943-ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்றவர் மாக்ஸ் பிரிஷ் என்னும் 32 வயதுக் கட்டடக் கலைஞர். பிற்காலத்தில் நாவலாசிரியராகவும் நாடகாசிரியராகவும் உலகப் புகழ் எய்தியவர் இவரே. ஸ்விட்ஜர்லாந்து போரில் இறங்கவில்லை. எனினும் கட்டடப் பொருள்களின் பஞ்சம் அந்நாட்டையும் விட்டுவைக்கவில்லை. ஆதலின் 1947-இல்தான் வேலை தொடங்கிற்று.

அவ்விடத்தில் முன்னொரு காலத்தில் குற்றவாளிகளைத் தூக்கிலிடும் மேடு இருந்தது. ஊரார் அஞ்சி ஒதுங்கிய நிலத்தை, ஊரார் விரும்பிக் கூடும் நிலமாக மாற்றுவதே பிரிஷ் ஏற்ற பணி.

அவர் அங்கே பெரியதொரு மாளிகையை எழுப்பவில்லை. உடை மாற்றும் அறைகளைத் தாழ்ந்த கூரையுடைய எளிய கட்டடங்களாக அமைத்தார். நீந்தத் தெரிந்தவர்க்கும் தெரியாதவர்க்கும் தனித்தனிக் குளங்கள் வகுத்தார். குளங்களைச் சுற்றிப் புல்வெளியும் மரங்களும் பரந்தன. தோட்டக்கலை வல்லுநர் குஸ்டாவ் அம்மானின் கைவண்ணம் அது. பூங்காவினூடே உலவிச் செல்வோர் எதிர்பாராமல் நீர்நிலையைக் கண்டாற்போன்ற தோற்றம் இதனால் வாய்த்தது.

அண்டை நாடுகளில் சர்வாதிகாரிகள் மனிதனைச் சிறுமைப்படுத்தும் பெருங்கட்டடங்களை எழுப்பி ஓய்ந்திருந்த காலம் அது. அக்காலத்தில் மனிதனின் உயரத்திற்கு ஏற்பக் கட்டியதை வெறும் அழகுணர்ச்சி என்று நாம் கொள்வதற்கில்லை. அஃது ஓர் அரசியல் அறமும் ஆகும்.

வேலை நடக்கையில் ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் வந்து பார்வையிட்டார். 1949 ஜூன் 18 அன்று குளம் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப்பின் பிரிஷ் கட்டடத் தொழிலையே துறந்து எழுத்தில் முழுதும் ஈடுபட்டார். அவர் கட்டிய பெரும்பணி இஃதொன்றே. நகரம் இதனைப் பாதுகாக்கத்தக்க சின்னமாக மதித்து, 2006-2007 ஆண்டுகளில் செப்பனிட்டது. இன்றும் கோடைதோறும் மக்கள் அங்கு நீராடுகின்றனர்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் இதில் அறியத்தக்கது ஒன்றுண்டு. புதிதாய்க் குடிபுகுந்தவனுக்கு ஒரு நகரம் எப்போது சொந்தமாகிறது? அதன் நினைவுச் சின்னங்களை அண்ணாந்து பார்க்கும்போதன்று. அதன் பொது இடங்களில் பிறரோடு சரிசமமாய் அமர்ந்து இளைப்பாறும்போதே அன்றோ!