மூணு வாத்தியார், நூற்றிருபது பிள்ளைகள்

ஒரு அண்ணன், ஒரு தம்பி. சும்மா கற்பனைதான், வைத்துக்கொள்ளுங்கள். ஊர், இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் எங்கோ ஒரு கிராமம். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் வயல், நிறையப் பிள்ளைகள். அண்ணன் பிறந்தது 1960. தம்பி பிறந்தது 1968. ஒரே அம்மா கைச் சோறு. ஒரே கூரை. ஒரே வறுமை.

1974-ல் அந்த ஊரில் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் வருகிறது. அண்ணனுக்கு அப்போது 14 வயசு. ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார முடியாது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகிறான். தம்பிக்கு 6 வயசு. அடுத்த வருடம் சிலேட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான்.

இருபது வருடம் கழித்து, 1995-ல் அரசாங்கக் கணக்கெடுப்பு. என்ன படித்திருக்கிறீர்கள், என்ன சம்பாதிக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். அண்ணன், தம்பிகள் போன்ற ஆயிரக்கணக்கானவர்கள் சொன்ன அந்தப் பதில்களை அமெரிக்காவில் ஒரு இளம் பெண் எடுத்து வைத்துக்கொண்டு அலசினார். பிரான்ஸ்காரர். எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவி. பெயர் எஸ்தர் டஃப்லோ. இருபது வருடம் கழித்து, நம்ம கொல்கத்தாவில் வளர்ந்த அபிஜித் பானர்ஜியோடும் மைக்கேல் க்ரெமரோடும் சேர்ந்து 2019-ன் பொருளாதார நோபல் வாங்கினாரே, அவரேதான்.

அவரை அப்படி இழுத்தது எது? ஒரு பட்டியல். எந்த மாவட்டத்தில் எத்தனை பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்று வருடா வருடம் ஒரு சர்வாதிகாரி கையெழுத்துப் போட்டு வெளியிட்ட பட்டியல்.

அந்தச் சர்வாதிகாரி சுகார்த்தோ.

ஆளைப் பற்றி முதலில் தெளிவாகப் பேசிவிடுவோம். 1965 அக்டோபரில் தொடங்கி அடுத்த சில மாதங்களில் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்ட் என்ற முத்திரை குத்தி லட்சக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். ஐந்து லட்சம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. அந்த ரத்தத்தின் மேல் நடந்துதான் ராணுவத் தளபதி சுகார்த்தோ ஜனாதிபதி நாற்காலிக்கு வந்தார். செத்தவர்களிலும் சிறைக்குப் போனவர்களிலும் ஏராளமான பள்ளி ஆசிரியர்கள் இருந்தார்கள். இடதுசாரி ஆசிரியர் சங்கம் ஒன்று இருந்தது. அதில் உறுப்பினர் என்பதே போதுமான குற்றமாக இருந்தது.

ஆக, வாத்தியார்களை வேட்டையாடிய ஆட்சி. அதே ஆட்சிதான் சில வருடங்களிலேயே உலகம் அதுவரை பார்த்திராத வேகத்தில் பள்ளிக்கூடம் கட்டக் கிளம்பியது.

1971 கணக்கெடுப்பின்படி இந்தோனேசியாவின் ஜனத்தொகை சுமார் 11.9 கோடி. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சிறுவர் சிறுமியர். வீடு தோறும் தொட்டில். ஆனால் கஜானா காலி. புதுப் பள்ளிக்கூடம் கட்ட ஒதுக்கீடு என்று ஒன்றுமே இல்லை. புது ஆசிரியர்களைச் சேர்க்கத் தடை. எழுபதுகளின் தொடக்கத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் விகிதம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பெருகுகிறார்கள், பெஞ்சு பெருகவில்லை. வேறென்ன நடக்கும்?

அப்போது அடித்தது லாட்டரி.

1973 அக்டோபரில் அரபு - இஸ்ரேல் யுத்தம். அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகி மூட, பீப்பாய் சுமார் 3 டாலருக்கு விற்ற கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. யுத்தத்துக்கும் இந்தோனேசியாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்நாட்டு மண்ணுக்கடியில் எண்ணெய் இருந்தது. சும்மா இருந்த வீட்டுக்குக் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது பணம்.

திடீர்ப் பணம் வந்தால் ஒரு நாடு என்ன செய்யும்? இந்தோனேசியாவிலேயே இரண்டு பதில்கள் இருந்தன.

முதல் பதில், பெர்தாமினா. அரசாங்க எண்ணெய் கம்பெனி. அதன் தலைவர் இப்னு சுதோவோ. ஸ்டீல் ஆலை, டேங்கர் கப்பல், ஹோட்டல், விமானம் என்று எல்லாவற்றிலும் கால் வைத்தார். எண்ணெய் விலை உச்சத்தில் இருக்கும்போது, 1975-ல், கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் கம்பெனி தடுமாறியது. தோண்டிப் பார்த்தால் மொத்தக் கடன் ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியது. எண்ணெய் விற்கிறவன், எண்ணெய் விலை நாலு மடங்கு ஏறிய நேரத்தில் திவாலாகும் நிலைக்குப் போனான் என்றால் என்ன அர்த்தம்? நான் காமர்ஸ் படித்தவன். இதற்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் பதில் பார்த்ததில்லை.

இரண்டாவது பதில், விட்ஜோயோ நிதிசாஸ்த்ரோ. திட்டக் கமிஷன் தலைவர். கலிபோர்னியாவின் பெர்க்லியில் படித்துவிட்டு வந்தவர். அங்கே படித்து வந்த பொருளாதார நிபுணர் கூட்டத்துக்கே 'பெர்க்லி மாஃபியா' என்று பெயர். மாஃபியாவின் தலைவருக்குச் சொந்தப் பாடம் ஜனத்தொகைக் கணக்கு. இந்தோனேசிய மக்கள்தொகையின் போக்கு பற்றி அவர் எழுதிய தடிமனான புத்தகம் 1970-ல் வந்தது. இன்று பிறக்கும் குழந்தை ஏழு வருடத்தில் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1973-ல் சுகார்த்தோ ஒரு உத்தரவு போட்டார். 'இன்ஸ்ட்ருக்சி பிரெசிடென்'. ஜனாதிபதி ஆணை. சுருக்கமாக, இன்பிரெஸ். அந்தப் பெயரிலேயே பள்ளிகளையும் அழைத்தார்கள்: எஸ்டி இன்பிரெஸ். எஸ்டி என்றால் தொடக்கப் பள்ளி.

திட்டத்தின் அழகே அதன் எளிமையில் இருந்தது. ஒரே அச்சில் வார்த்த கட்டடம். ஒரு பள்ளிக்கு மூணு வாத்தியார், 120 பிள்ளைகள். அவ்வளவுதான்.

எங்கே கட்டுவது? இதுதான் எந்த நாட்டிலும் கேள்விகளின் கேள்வி. யார் தொகுதி, யார் சாதி, யார் சொந்த ஊர், யார் மந்திரிக்கு வேண்டியவர் என்று ஆரம்பித்தால் கட்டடம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது. விட்ஜோயோவின் ஆட்கள் ஒரு சூத்திரம் வைத்தார்கள். 1972-ல் ஒவ்வொரு மாவட்டத்திலும் பள்ளிக்கூட வயசில் இருந்தும் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்கூடம். ஒரு மாவட்டத்தில் ஆயிரம் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள், இன்னொன்றில் பத்தாயிரம் என்றால், முதலாவதற்கு ஒன்று என்கிற இடத்தில் இரண்டாவதற்குப் பத்து.

கவனியுங்கள். பொதுவாக அரசாங்கப் பணம் எங்கே போகும்? ஏற்கெனவே பள்ளிக்கூடம் இருக்கிற ஊருக்கு. அங்கேதானே ஹெட்மாஸ்டர் இருப்பார், மனு எழுதத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்! இந்தச் சூத்திரம் அதைத் தலைகீழாகத் திருப்பியது. மனு எழுதத் தெரியாத ஊருக்கு முதல் மரியாதை. நடைமுறையில் கணக்கு நூற்றுக்கு நூறு பொருந்தவில்லை. பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சூத்திரம் சொன்ன அளவுக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை. ஆனாலும் திசை மாறவில்லை.

இன்னொரு விஷயம், பட்டியல் பகிரங்கமாக இருந்தது. எந்த மாவட்டத்துக்கு எத்தனை என்பது ஆணையிலேயே அச்சில் இருக்கும். நம் மாவட்டத்துக்கு இத்தனை என்று எழுதியிருக்கிறதே, கட்டடம் எங்கே என்று எண்ணிப் பார்க்க வழி இருந்தது.

முதல் வருடம் 6,000 பள்ளிகள். பிறகு வேகம் கூடியது. 1978-79-ல் எண்ணிப் பார்த்தால் 61,000-க்கு மேல்! ஆறே வருடங்களில். சராசரி போட்டால் நாளைக்கு ஏறக்குறைய 28 பள்ளிகள். நாட்டில் அதுவரை இருந்த மொத்தத் தொடக்கப் பள்ளிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. செலவு, 1990-ம் வருட மதிப்பில் 50 கோடி டாலருக்கு மேல். 1973-ல் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் ஒன்றரை சதவிகிதம்.

கட்டடம் கட்டிவிடலாம், வாத்தியாருக்கு எங்கே போவது? ஆளெடுப்புத் தடையை நீக்கினார்கள். ஆசிரியர் பயிற்சியைப் பெருக்கினார்கள். 1978-ல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் பள்ளிக்குப் போனவர்கள் 1973-ல் நூற்றுக்கு 69 பேர். 1978-ல் 83 பேர்.

இப்போது அண்ணன், தம்பி கதைக்குத் திரும்புவோம்.

டஃப்லோ பிடித்த நூல் இதுதான். 1974-ல் 12 வயசைத் தாண்டியவர்களுக்குப் புதுப் பள்ளியால் லாபமில்லை. 6 வயசும் அதற்குக் கீழும் இருந்தவர்களுக்கு முழு லாபம். நிறையப் பள்ளி கட்டிய மாவட்டம், குறைவாகக் கட்டிய மாவட்டம் இரண்டையும் எடுத்துக்கொண்டு, அண்ணன்மாரையும் தம்பிமாரையும் ஒப்பிட்டால்? படிப்பால்தான் சம்பளம் கூடுகிறதா, இல்லை வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் படிக்கிறார்களா என்ற பழைய வழக்கில் தீர்ப்பு எழுதிவிடலாம்.

எழுதினார். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கூடுதலாகக் கட்டினால் ஒவ்வொரு பையனின் படிப்பும் சராசரியாக 0.12 முதல் 0.19 வருடம் கூடியது. சம்பளம் 1.5 முதல் 2.7 சதவிகிதம் கூடியது. 'இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ஒரு மாவட்டத்தின் மொத்தப் பையன்களுக்கும், ஆயுசு முழுக்க, மாதா மாதம் என்று பெருக்கிப் பாருங்கள். எந்த ஃபிக்ஸட் டெபாசிட்டிலும் கிடைக்காத வட்டி.

ஆனால் அண்ணன் என்ன ஆனான்? 2004-ல் வெளிவந்த இன்னொரு கட்டுரையில் டஃப்லோ அதையும் பார்த்தார். படித்த தம்பிமார் கூட்டமாக வேலைக்கு வந்ததும், அந்த மாவட்டங்களில் அண்ணன்மாரின் கூலி உயர்வு மந்தப்பட்டது. பள்ளிக்கூடமும் கிடைக்கவில்லை, அதற்கான விலையில் ஒரு பங்கையும் அவன்தான் கொடுத்தான். சீக்கிரம் பிறந்ததைத் தவிர அவன் செய்த தப்பு ஒன்றுமில்லை. ஒரு திட்டம் ஐந்து வருடம் தள்ளிப்போகிறது என்று பேப்பரில் படிக்கும்போது நமக்கு அது ஒரு வரிச் செய்தி. அண்ணனுக்கு அது ஒரு ஆயுள்.

தங்கை? அங்கேதான் சுவாரஸ்யம். பெண் பிள்ளைகளின் படிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறவில்லை. பரிசம் கொடுக்கும் வழக்கமுள்ள இனங்களில்தான் ஏறியது என்று 2020-ல் நான்கு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுக்கிற பணம். படித்த பெண்ணுக்குப் பரிசம் அதிகம். அதனால் அப்பாக்கள் கணக்குப் போட்டுப் படிக்க வைத்தார்கள். அந்த வழக்கமில்லாத இனங்களில் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே வந்தும் பெண்ணின் படிப்பு அசையவில்லை. நம் ஊரிலும் ஒரு காலத்தில் பரிசம் போட்டவர்கள் இருந்தார்கள். இப்போது பணம் எதிர்த்திசையில் போகிறது. கட்டடத்தை மட்டும் கட்டிவிட்டு, வீட்டுக்குள் என்ன கணக்கு ஓடுகிறது என்று பார்க்காத அரசாங்கத்துக்கு இது ஒரு பாடம்.

சரி, அந்த வகுப்பறைகளில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? எழுத்து, கணக்கு, நாடு முழுமைக்குமான இந்தோனேசிய மொழி. கூடவே சுகார்த்தோவின் சரித்திரமும். 1965-ல் நடந்தது பற்றி அரசாங்கமே 1984-ல் ஒரு சினிமா எடுத்தது. கம்யூனிஸ்ட்டுகள் ராட்சசர்கள், ராணுவம் ரட்சகன். வருடா வருடம் மாணவர்கள் அதைப் பார்த்தே ஆக வேண்டும். கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தான் படித்தார்கள். எழுத்தையும் பொய்யையும் ஒரே சாக்பீஸால் எழுதினார்கள்.

1998-ல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 32 வருடப் பிடி தளர்ந்து சுகார்த்தோ இறங்கினார். 2004-ல் டிரான்ஸ்பரன்ஸி இண்டர்நேஷனல், உலகில் அதிகம் சுருட்டிய தலைவர்கள் பட்டியலில் அவருக்கு முதலிடம் கொடுத்தது. மதிப்பீடு, 1,500 கோடி முதல் 3,500 கோடி டாலர் வரை. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பள்ளிகள் கட்ட ஆன செலவு 50 கோடிக்குச் சற்று மேல் என்று பார்த்தோம் இல்லையா? குறைந்தபட்சத் தொகையை எடுத்துக்கொண்டாலும், அவர் வீட்டுக்குப் போனதாகச் சொல்லப்படும் பணத்தில் அதே மாதிரித் திட்டத்தை இருபத்தைந்து, முப்பது முறை நடத்தியிருக்கலாம்.

அதனால் 'பார்த்தீர்களா, சர்வாதிகாரிதான் வேலை செய்வான்' என்று யாராவது ஆரம்பித்தால் இந்த வகுத்தலைச் சொல்லுங்கள். பள்ளிகளைக் கட்டியது துப்பாக்கி இல்லை. ஒரு நேர்மையான எண்ணிக்கை, ஒரு சூத்திரம், எல்லோரும் பார்க்கும்படி அச்சடித்த ஒரு பட்டியல். இதற்கெல்லாம் சர்வாதிகாரி எதற்கு?

கடைசியாக ஒன்று. கிழக்கு ஜாவாவில் மார்சினா என்று ஒரு பெண். 1969-ல் பிறந்தவர். நம் கற்பனைத் தம்பியின் வயசுக்காரர். வாட்ச் ஃபாக்டரியில் தொழிலாளி. சம்பளத்தை உயர்த்திக் கொடுக்கச் சொல்லி மாகாண கவர்னர் அனுப்பிய சுற்றறிக்கையை அமல்படுத்து என்று கேட்டு 1993 மே மாதம் நடந்த வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றார். சில நாட்களில் பிணமாகக் கிடைத்தார். சித்திரவதை செய்து கொன்றிருந்தார்கள். கொன்றவர் யார் என்று இதுவரை உறுதியாகவில்லை.

2025 நவம்பர் 10-ம் தேதி இந்தோனேசிய அரசு தேசிய வீரர்கள் என்று பத்துப் பேரை அறிவித்தது. அந்தப் பட்டியலில் சுகார்த்தோ பெயர் இருந்தது. மார்சினா பெயரும் இருந்தது.

பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற எந்த ஆட்சியும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, நீங்கள் கொடுத்த பாடப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளாது. ஒருநாள் அரசாங்கச் சுற்றறிக்கையையும் எடுத்துப் படிக்கும்.