விலை இறங்கினால் மிச்சம் யாருக்கு?

விமானத்தில் உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கைக்காரரிடம் "டிக்கெட் எவ்வளவுக்கு எடுத்தீங்க?" என்று கேட்பது நம்மவர்களுக்குக் கைவந்த பழக்கம். பினாங்கிலிருந்து சென்னைக்குப் போகும் விமானத்தில் பெல்ட் மாட்டி முடிப்பதற்குள் இந்தக் கேள்வி எழுந்துவிடும். பதிலைக் கேட்டு ஒருவர் முகம் மலரும், இன்னொருவர் முகம் வாடும். பிறகு பேச்சு ஊர்க்கதைக்குப் போய்விடும். சியாட்டில் நகரத்துக் கணினி அறிவியல் பேராசிரியர் ஓரன் எட்சியோனி ஒரு முறை இதே கேள்வியைக் கேட்டார். அவர் அதை அங்கேயே விட்டுவிடவில்லை.

அது 2000-களின் தொடக்கம். தம்பியின் திருமணத்துக்காக அவர் லாஸ் ஏஞ்சலஸ் போக வேண்டியிருந்தது. முன்கூட்டி எடுத்தால் மலிவு என்று எல்லாரும் நம்புவதுபோல் நம்பி, பல மாதங்களுக்கு முன்பே டிக்கெட் எடுத்துவிட்டார். விமானத்தில் விசாரித்தபோது, அவருக்கு வெகுநாள் கழித்து வாங்கியவர் அவரைவிடக் குறைவாகக் கொடுத்திருந்தார். விலை ஏறுமா இறங்குமா என்று விமான நிறுவனத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது, வாங்குகிறவருக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கோபத்தோடு அவர் இறங்கினார். விலை ஆட்டத்திலிருந்து பயணியைக் காக்கும் முயற்சிக்கு அந்தக் கோபம் ஒரு வித்து.

முதலில், விலை ஏன் இறங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நம் தாத்தாக்கள் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு வந்த நாளில் இந்தச் சிக்கல் இல்லை. தளத்தில் பாய் விரித்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே கட்டணம் கொடுத்தவர்கள். விமானக் கட்டணமும் நெடுங்காலம் அப்படித்தான் அரசுகளாலும் நிறுவனங்களின் உடன்பாட்டாலும் கட்டுண்டு கிடந்தது. 1972-இல் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் ஒரு கணக்கை முன்வைத்தார். ஓர் இருக்கையை இன்று மலிவாக விற்பதா, கடைசி நேரத்தில் முழு விலை கொடுக்க வரக்கூடியவருக்காகக் காத்துவைப்பதா? அப்படி ஒருவர் வருவதற்கான வாய்ப்பை முழு விலையோடு பெருக்கிப் பார். இன்று கிடைக்கும் மலிவு விலை அதைவிட அதிகம் என்றால் விற்றுவிடு, இல்லையென்றால் காத்திரு. உலகெங்கும் விமானக் கட்டணம் இன்று ஆடும் ஆட்டம் இந்தச் சிறு கணக்கிலிருந்து வளர்ந்ததே.

1978-இல் அமெரிக்கா கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் போன்ற மலிவு நிறுவனங்கள் புகுந்தன. ராபர்ட் கிராண்டல் தலைமையிலான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985 ஜனவரியில் திருப்பி அடித்தது. முன்கூட்டி வாங்குவோருக்கு மட்டும் மிக மலிவான கட்டணம், அதுவும் கணினி அனுமதிக்கும் அளவு இருக்கைகளுக்கு மட்டும். மற்ற இருக்கைகள் பழைய விலையிலேயே இருந்தன. அடுத்த ஆண்டே பீப்பிள் எக்ஸ்பிரஸ் விற்கப்பட்டது. அன்று முதல் ஒரே விமானத்தில், ஒரே வரிசையில், பத்துப் பேர் பத்து விலை கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு விமானத்தின் இருக்கைகளும் பல கட்டண வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மலிவு வகுப்பு தீர்ந்ததும் அடுத்தது திறக்கும். நாம் விலை ஏறிவிட்டது என்கிறோம். எதிர்பார்த்த அளவு விற்பனை நடக்கவில்லை என்றால், மூடிய மலிவு வகுப்பைக் கணினி மறுபடியும் திறந்துவிடும். போட்டி நிறுவனம் விலையைக் குறைத்தாலும் இதுவே நடக்கும். இந்திய வழித்தடங்களில் இன்னொன்றும் உண்டு. பயண முகவர்கள் குழுவுக்கென்று மொத்தமாகப் பிடித்துவைத்த இருக்கைகளை, ஆள் சேரவில்லை என்று திருப்பிக் கொடுப்பார்கள். அப்போதும் விலை திடீரென்று சரியும். ஆக, இதில் அதிர்ஷ்டம் என்று எதுவுமில்லை. எல்லாம் காரணத்தோடு நடக்கிறது. அந்தக் காரணம் ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிகிறது.

எட்சியோனி அந்த ஒரு பக்கப் பார்வையை உடைக்கப் பார்த்தார். அவரும் கிரெய்க் நொப்லாக் முதலிய கூட்டாளிகளும் லாஸ் ஏஞ்சலஸ்–பாஸ்டன், சியாட்டில்–வாஷிங்டன் ஆகிய இரண்டு வழித்தடங்களின் விலைகளை 41 நாள் இணையத்திலிருந்து திரட்டினார்கள். 12,000-க்கும் மேற்பட்ட விலைப் பதிவுகள் சேர்ந்தன. விமான நிறுவனத்தின் உள்கணக்கு எதுவும் அவர்கள் கையில் இல்லை. வெளியே தெரிந்த விலையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து, இப்போது வாங்கு அல்லது பொறு என்று சொல்லும் நிரல் ஒன்றை எழுதினார்கள். முடிவெடுக்கத் தவித்த இளவரசனின் பெயரால் அதற்கு ஹேம்லட் என்று பெயர். 2003-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, 341 கற்பனைப் பயணிகளுக்கு அது 1,98,074 டாலர் மிச்சப்படுத்தியது. நாளைய விலையெல்லாம் முன்பே தெரிந்த ஒருவர்கூட அதிகபட்சம் 3,20,572 டாலர்தான் மிச்சப்படுத்தியிருக்க முடியும். வெளியே நின்று பார்த்தே அதில் 61.8 விழுக்காட்டை எட்டிவிட்டார்கள். வாங்குகிறவர் பக்கமும் ஒரு கணக்கு இருக்க முடியும் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று இதுவே என்பேன்.

அதிலிருந்து ஃபேர்காஸ்ட் என்ற நிறுவனம் எழுந்தது. 2007-இல் அது ஒருபடி மேலே போனது. பொறு என்று நாங்கள் சொல்லி நீங்கள் பொறுத்து, அந்த வாரத்துக்குள் விலை ஏறிவிட்டால், வித்தியாசத்தை நாங்கள் தருகிறோம் என்றது. அதற்குக் கட்டணம் சுமார் 10 டாலர். 2008-இல் மைக்ரோசாஃப்ட் ஏறத்தாழ 11.5 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கியது. ஆனால் இதெல்லாம் வாங்குவதற்கு முன்பு கிடைக்கும் காப்பு. பணத்தைக் கட்டிவிட்டுக் கையைப் பிசைகிறவருக்கு இதில் ஒன்றுமில்லை.

அவருக்கான வழியும் 2007-இல் அதே சியாட்டிலில்தான் பிறந்தது. யாப்டா என்ற சேவை, நீங்கள் வாங்கிவிட்ட டிக்கெட்டின் விலையைத் தொடர்ந்து கவனிக்கும். இறங்கினால் சொல்லும். வாங்கிய அதே விமானத்தின் விலை இறங்கினால் வித்தியாசத்தை வவுச்சராகத் தரும் வழக்கம் பல அமெரிக்க விமான நிறுவனங்களில் ஏற்கெனவே இருந்தது. கேட்டவருக்கு மட்டும் கொடுப்பார்கள். கேட்கலாம் என்று தெரிந்தவர்கள் மிகச் சிலர், தெரிந்தாலும் நாள்தோறும் விலை பார்க்க யாருக்கு நேரம்? அந்தக் காவலை யாப்டா ஏற்றுக்கொண்டது.

2008 ஜூனில் ஆர்பிட்ஸ் என்ற இணையப் பயண முகவர் நிறுவனம் செய்தது என்னை இன்னும் கவர்கிறது. தன்னிடம் ஒருவர் டிக்கெட் வாங்கிய பிறகு, வேறொரு வாடிக்கையாளர் அதே பயணத்தைத் தன்னிடமே குறைந்த விலைக்கு வாங்கினால், முதலாமவருக்கு வித்தியாசத்தைக் காசோலையாக வீட்டுக்கே அனுப்பியது. 5 டாலரிலிருந்து 250 டாலர் வரை. யாரும் மனுப்போட வேண்டாம், தொலைபேசியில் காத்துக்கிடக்க வேண்டாம். எட்சியோனி பக்கத்து இருக்கையில் கேட்ட கேள்வியை விற்பவரே கேட்டு, பதிலுக்குப் பணமும் கொடுத்ததுபோல் ஆயிற்று. அத்திட்டம் இன்று இல்லை. இருந்தாலும் சரியான வடிவம் அதுவே: உரிமை தானாக வந்து சேர வேண்டும்.

யாப்டாவின் வழியை அடைத்தது டிக்கெட் மாற்றக் கட்டணம். விலை 120 டாலர் இறங்கியது என்று நீங்கள் போய் நின்றால், டிக்கெட்டைத் திருத்த 150 டாலர் என்பார்கள். 2013-இல் பெரிய நிறுவனங்கள் அதை 200 டாலராக உயர்த்தின. விலை இறங்கியது கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. யாப்டா மெல்ல நிறுவனங்களின் அலுவல் பயணங்களைக் கவனிக்கும் தொழிலுக்கு மாறியது. ஆயிரக்கணக்கில் டிக்கெட் எடுக்கும் பெரிய நிறுவனங்களுக்கு அந்தக் காப்பு கிடைத்தது, ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போகும் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. பெருந்தொற்றில் விமானங்கள் காலியாகப் பறந்த 2020 ஆகஸ்டு இறுதியில்தான் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் மூன்றும் அடுத்தடுத்து உள்நாட்டுப் பயணத்தின் பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு மாற்றக் கட்டணத்தை எடுத்தன. பூட்டியிருந்த கதவு அப்போது மறுபடி திறந்தது. கூகுளும் 2019-இல் சில வாரங்களுக்கும், 2023-இல் சோதனையாகவும், தேர்ந்த சில பயணங்களுக்கு விலை இறங்கினால் வித்தியாசம் தரும் உறுதியைக் கொடுத்தது. அதுவும் அமெரிக்காவிலிருந்து புறப்படுவோருக்கு மட்டும்.

நாம் புறப்படுவது பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து. பினாங்குப் பாலத்துக்கு இக்கரையில் மாக் மண்டின் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் குடும்பங்களுக்கு ஊர்ப்பயணம் என்பது பல மாதச் சேமிப்பு. 2001-இல் டோனி பெர்னாண்டஸ் 1 ரிங்கிட்டுக்கும் தலைக்குமேல் கடனுக்கும் ஏர் ஏசியாவை வாங்கியபோது மலிவு விமானக் காலம் நமக்கும் தொடங்கியது. 2024 டிசம்பர் 21-இல் இண்டிகோ சென்னை–பினாங்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. கோலாலம்பூரோ சிங்கப்பூரோ சுற்றிப் போகாமல், பாலத்தைக் கடந்தால் போதும் என்றாகிவிட்டது. ஆனால் நம் வழித்தடங்களில் மலிவு டிக்கெட்டின் நிபந்தனை பெரும்பாலும் ஒன்றே: ரத்துசெய்தால் கட்டணம் திரும்பாது, மாற்றினால் மாற்றக் கட்டணமும் விலை வித்தியாசமும் நாம் கட்ட வேண்டும். விலை ஏறினால் வித்தியாசம் அவர்களுக்கு. இறங்கினாலும் அவர்களுக்கே.

ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்காக ஜூலையிலேயே டிக்கெட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அக்டோபரில் தலைக்கு 80 ரிங்கிட் இறங்குகிறது. 400 ரிங்கிட். ஒரு பிள்ளையின் புத்தகம், சீருடை, காலணி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். இதற்கு ஒரு பதில் சொல்வார்கள்: காலையில் பாசாரில் மீன் வாங்கியவர், மதியம் விலை இறங்கியதும் மிச்சத்தைக் கேட்டு வருவாரா? வரமாட்டார். ஏனென்றால் மீன் அவர் வீட்டுக்குப் போய்விட்டது, குழம்பும் ஆகிவிட்டது. ஜூலையில் டிக்கெட் எடுத்தவர் கையில் இன்னும் எதுவும் வரவில்லை. ஐந்து மாதத்துக்கு அவர் பணம் நிறுவனத்திடம் வட்டியில்லாமல் இருக்கிறது. அந்த இருக்கை காலியாகப் போகுமோ என்ற அச்சத்தையும் அவர் தீர்த்துவைத்திருக்கிறார். அவரைவிடப் பிந்தி வந்தவருக்கு மலிவு என்பது நியாயமில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. பழைய வாடிக்கையாளருக்கெல்லாம் வித்தியாசம் தர வேண்டும் என்றால், நிறுவனங்கள் விலையைக் குறைக்கவே தயங்கும், கடைசியில் எல்லாருக்கும் நட்டம் என்று பொருளியல் அறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். இதை நான் தள்ளிவிட மாட்டேன். அதனால்தான் முழுப்பணத்தையும் ரொக்கமாகக் கொடு என்று கேட்பதைவிட, வித்தியாசத்தை அடுத்த பயணத்துக்கான வவுச்சராகக் கொடு, மாற்றக் கட்டணத்தால் அதை விழுங்காதே என்று கேட்பது நடக்கக்கூடியது. அமெரிக்கப் பழக்கமும் அதுவாகத்தான் இருந்தது.

அதற்கும் முந்திய படி ஒன்று உண்டு. பயணத்துக்கு ஏழு நாளாவது இருக்கும்போது எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் செலவின்றி ரத்துசெய்யும் உரிமையை அமெரிக்கா 2012-இல் கொண்டுவந்தது. இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் இத்தகைய வாய்ப்பைத் தன் விதிகளில் வைத்திருக்கிறது. மறுநாள் காலை விலை இறங்கியதைப் பார்த்தவருக்கு இது போதும்.

மலேசியாவில் விதி எழுத இடம் ஏற்கெனவே இருக்கிறது. விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று அது நிறுவனங்களைக் கட்டுப்படுத்தியது. 2024 செப்டம்பர் முதல், விமானம் ஐந்து மணி நேரத்துக்குமேல் தாமதமானால் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் சேர்ந்தது. அதைக் கவனித்துவந்த மவ்காம் ஆணையம் 2025 ஆகஸ்டு 1-இல் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு இணைந்துவிட்டது. இனி மனு போக வேண்டிய இடம் அதுதான். எழுதிக் கொடுக்கும் வழக்கமும் நமக்குப் புதிதல்ல. எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல பத்தாண்டுகள் வழிநடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்த ஊரிலேயே இருக்கிறது. கேட்க வேண்டியவை இரண்டு: 24 மணி நேரச் செலவில்லா ரத்து, இறங்கிய விலைக்கு வவுச்சர். மனுவோடு, டிக்கெட் எடுத்த நாளின் விலையையும் பிறகு அதே விமானத்துக்குக் காட்டிய விலையையும் தேதியோடு படமெடுத்து இணைத்தால் வலு சேரும். எட்சியோனியும் 12,000 விலைகளைத் திரட்டிய பிறகுதான் பேசினார்.