சவரக்கத்தியின் சரித்திரம்

மன்னர் ஏந்திய வாள்களை நூதனசாலைகள் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுகின்றன. நாள்தோறும் காலையில் கோடிக்கணக்கான ஆடவரின் கன்னத்தைத் தொட்ட சவரக்கத்தியை அவ்வாறு போற்றுவார் சிலரே. ஆயினும் மேனாடுகளில் பழைய பாதுகாப்புச் சவரக்கத்திகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராயும் அன்பர் கூட்டம் ஒன்று உண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பழைய வீடொன்றின் அலுமாரியைத் திறந்தால், பாட்டனாரின் மூக்குக்கண்ணாடியோடு நிக்கல் மங்கிய கத்தியொன்றும் கிடக்கக்கூடும். அதனைப் பழம் பித்தளையென்று நிறுத்து விற்குமுன் அதன் கதையை அறிவது நன்று.

தோலை வெட்டாது மயிரை மட்டும் வெட்டும் கத்தி வேண்டும் என்ற எண்ணம் பழையது. பிரெஞ்சு நாட்டுக் கத்திக் கொல்லரான ஜான் ஜாக் பெரே என்பவர் 18 ஆம் நூற்றாண்டிலேயே சவரக்கத்தியின் அலகுக்கு மரக்காப்பு ஒன்று பொருத்தினார். 1880 இல் நியூ யோர்க்கைச் சேர்ந்த காம்ப்வே சகோதரர் மண்வெட்டி போன்ற வடிவுடைய சிறு கத்திக்குக் காப்புரிமை பெற்றனர். ஆனால் இவற்றின் அலகு தடித்தது. அடிக்கடி தோல்வாரிலே தீட்டவேண்டியது. தீட்டும் தொல்லை இருக்கும்வரை நாவிதரின் கைத்திறனுக்கு ஈடில்லை.

அத்தொல்லையை ஒழித்தவர் கிங் காம்ப் கில்லெற். போத்தல் மூடி செய்யும் நிறுவனமொன்றின் விற்பனையாளராய் ஊர் ஊராய்த் திரிந்தவர். ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் பொருளொன்றைக் கண்டுபிடி என்று அம்மூடியை ஆக்கிய வில்லியம் பெயின்ரர் அவருக்கு அறிவுரை கூறினார் என்பர். 1895 இல், மழுங்கிய கத்தியோடு கண்ணாடி முன் நின்றபோது, மெல்லிய உருக்குத் தகட்டின் இரு விளிம்பையும் கூராக்கினால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அவ்வளவு மெல்லிய தகட்டைக் கடினமாக்கிக் கூர்செய்ய இயலாது என்றனர் உருக்கு வல்லுநர். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியியலாளரே அதற்கான பொறிகளை அமைத்துத் தந்தார். புகழ் கில்லெற்றுக்குச் சென்றது. உழைப்பின் பெரும்பங்கு நிக்கர்சனுடையது.

1903 இல் விற்பனை தொடங்கியது. அவ்வாண்டு முழுவதும் விற்றவை 51 கத்திகளும் 168 அலகுகளுமே. 1904 நவம்பர் 15 ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. 1917 இல் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கிய பின்னர், அந்நாட்டு அரசு தன் படைவீரருக்காக ஏறத்தாழ 35 இலட்சம் கத்திகளை வாங்கியது. போர் முடிந்து வீடு திரும்பிய இளைஞர் கத்தியோடு, தாமே சவரம் செய்யும் பழக்கத்தையும் கொண்டு சென்றனர்.

கில்லெற் வெறும் வணிகர் அல்லர். 1894 இல் அவர் எழுதிய நூலொன்று, போட்டி வாணிகத்தை ஒழித்து, நயாகரா நீர்வீழ்ச்சியின் ஆற்றலால் இயங்கும் ஒரே மாநகரில் மக்களெல்லாம் குடியேற வேண்டும் என்று கூறிற்று. அத்தகைய கனவு கண்டவரின் முகம், அலகுப் பொதிகளின் மேலுறை வழியாக உலகெங்கும் வாணிகச் சின்னமாயிற்று!

இவ்விடத்தில் ஒரு தவறான கூற்றைத் திருத்துதல் வேண்டும். கத்தியை இலவசமாய்க் கொடுத்து அலகை விற்றுப் பொருள் ஈட்டினார் கில்லெற் என்று வாணிக நூல்கள் பலவும் எழுதுகின்றன. காப்புரிமை நிலவிய காலமெல்லாம் கத்தியின் விலை 5 டொலர். அக்காலத்தில் அது சிறுதொகையன்று. 1921 இல் காப்புரிமை முடிந்து போட்டியாளர் புகுந்த பின்னரே பழைய அமைப்புக் கத்தி 1 டொலருக்கு இறங்கியது.

கத்திகளை ஒப்பிடுவோர் முதலில் நோக்குவது தலைப்பகுதியை. திருகி இறுக்கும்போது மேல்மூடியும் கீழ்த்தட்டும் அலகை வில்போல் வளைக்கின்றன. மெல்லிய தகட்டுக்கு விறைப்புத் தருவது இவ்வளைவே. கீழ்த்தட்டின் விளிம்பு சீப்புப் பல்லாய் இருந்தால் ஒரு வகை, நேராய் இருந்தால் மற்றொரு வகை. தொடக்ககால அலகில் வட்டத் துளைகள் மூன்று இருந்தன. 1930 இல் புதிய அலகு வடிவம் பற்றி கில்லெற் நிறுவனத்துக்கும் ஹென்றி கைஸ்மனின் ஓட்டோஸ்ரொப் நிறுவனத்துக்கும் வழக்கு மூண்டு, இரண்டும் இணைவதில் முடிந்தது. இணைப்பின்போது கணக்கை ஆராய்ந்தவர்கள், கில்லெற் நிறுவனம் பல ஆண்டுகளாய் இலாபத்தை மிகைப்படுத்திக் காட்டியிருந்ததைக் கண்டனர்.

கத்தியில் 1904 என்ற ஆண்டைக் கண்டதும் அது அவ்வாண்டில் செய்யப்பட்டதென்று மயங்குவோர் பலர். அது காப்புரிமை ஆண்டே. பின்னர் பல்லாண்டு செய்த கத்திகளிலும் அதுவே பொறிக்கப்பட்டது. தொடர் எண், பிடியின் வேலைப்பாடு, தலையின் அமைப்பு ஆகியவற்றைச் சேர்த்து நோக்கியே காலத்தைத் துணியவேண்டும். கல்வெட்டாராய்ச்சியாளர் எழுத்தின் வடிவை நோக்குவது போன்றதே இதுவும்.

ஆங்கிலேயரின் கைவண்ணத்துக்குச் சான்று றோல்ஸ் றேசர். பெட்டியின் ஒரு மூடியிற் சாணைக்கல், மறு மூடியில் தோல்வார். பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் ஒரே அலகு டக்டக்கென்ற ஓசையுடன் தீட்டப்பெறும். எறியப்படும் அலகுக்கு எதிராக எறியாத அலகு! அந்நிறுவனம் பின்னாளில் சலவைப் பொறி விற்கப் புகுந்து 1964 இல் வீழ்ந்தது.

இச்சிறு கருவி நம்மவர் வாழ்வில் செய்த மாற்றம் சிறிதன்று. யாழ்ப்பாணச் சமூகத்தில் நாவிதர் தொழிலாளர் மட்டுமல்லர். மங்கலம், அமங்கலம் இரண்டிலும் கடமை சுமத்தப்பட்டவர். வெள்ளவத்தையில் குடியேறிக் கரையோரப் புகைவண்டியில் கோட்டைக்குச் சென்ற எழுதுவினைஞருக்கு நாள்தோறும் மழித்த முகம் வேண்டியிருந்தது. அதற்கு நாவிதரின் வரவை எதிர்பார்த்திருத்தல் இயலாது. சொந்தக் கத்தி அவ்வழக்கைத் தளர்த்தியது. இதற்கு மறுபக்கமும் உண்டு. வடக்கில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குச் சவரம் மறுத்த நிலையங்கள் இருந்தன. பொது இடங்களில் சாதி காரணமாக மக்களை விலக்குதலை 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கிய பின்னரும் அக்கொடுமை உடனே ஒழிந்துவிடவில்லை. அத்தகையோர்க்கு ஒரு கண்ணாடியும் ஒரு கத்தியும் எவரிடமும் கேட்டு நிற்கவேண்டாத நிலையைத் தந்தன. மேனாட்டுச் சேகரிப்பாளர் பட்டியல்களில் இச்செய்தி இராது. நம் நாட்டிற் கிடைக்கும் கத்தியை ஆராய்வோர் அதன் எண்ணோடு, அது யார் வீட்டில் இருந்தது என்பதையும் குறித்தல் வேண்டும்.

1962 இல் வில்கின்சன் ஸ்வோட் நிறுவனம் துருவேறா உருக்கு அலகைச் சந்தைக்குக் கொணர்ந்து கில்லெற்றைத் திகைக்க வைத்தது. 1971 இல் ஈரலகுக் கத்தியும், 1975 இல் பிடியோடு எறியும் பிக் நிறுவனத்தின் பிளாத்திக்குக் கத்தியும் வந்தன. மழுங்கிய அலகைக் கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் தேய்த்து மீண்டும் கூராக்கிய சிக்கனமும், பழைய அலகால் பென்சில் சீவிய வழக்கமும் அருகின.

கொழும்பிற் பழைய கத்திகள் அழிந்ததற்குக் காரணங்கள் சில. உப்புக்காற்று பித்தளையிற் பச்சைக் களிம்பை ஏற்றும்; மலிவான நாகக் கலப்புலோகமாயின் பூச்சு பொத்தலானதும் உள்ளே அரித்து உதிர்ந்துவிடும். புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்கும் நம் இல்லத்தரசியரின் கைப்பழக்கம் குத்துவிளக்குக்கு நன்று. மெல்லிய பொன்முலாமுக்கு நஞ்சு. இவற்றினும் பெரிய காரணம் 1983 ஜூலையில் நிகழ்ந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் இல்லங்களும் கடைகளும் எரிக்கப்பட்டன. உயிரையும் உடைமையையும் இழந்தவர்கள் சவரப் பெட்டியை எண்ணி வருந்தவில்லை. ஆனால் பாட்டனார் நாளும் கையாண்ட சிறுபொருள்களும் அந்தத் தீயிலேதான் போயின. உயிர் தப்பிக் கடல் கடந்தவர்களின் பைகளில் இவற்றுக்கு இடமிருந்திராது.

எஞ்சியவற்றை வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் மென்மையாய்க் கழுவி, ஈரமின்றித் துடைத்து, அலகை நீக்கி வைத்தல் போதும். தொடக்ககால மூன்று துளை கில்லெற் கத்தியொன்று பழுதின்றிக் கிடைக்குமாயின், இன்று கடையில் வாங்கும் ஈருபக்க அலகு அதில் இன்னும் பொருந்தும்.