ஊவாத் தோட்டக் குடும்பங்களும் போர்ப் பதிவேடுகளும்

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயத்துக்குச் செல்வோர், மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பாரின் நினைவுக் கல்வெட்டைக் காணலாம். இலங்கை றைபிள் படையில் அதிகாரியாகவும், பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் விளங்கிய அவர், 1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். 1817இல் ஊவாக் கிளர்ச்சி தொடங்கிய காலத்திற் கொல்லப்பட்ட சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் என்னும் அதிகாரியின் மனைவி சோபியாவின் கல்லறைக் கல்லும் இந்நகரில் உண்டு. மரமொன்று வளர்ந்து அக்கல்லைத் தன்னுள் அணைத்துக்கொண்டது. இத்தகைய கல்வெட்டுக்களையெல்லாம் ஜே. பென்றி லூயிஸ் என்பார் திரட்டி, 1913இல் நூலாக வெளியிட்டார். ஆதலின், அக்குடும்பங்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடுவது பெரிய காரியமன்று.

பகைவரும் அவ்வாறே பதிவு பெற்றனர். தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்ட போயர்கள் ஏறத்தாழ 5,000 பேர், 1900ஆம் ஆண்டு முதல் தியத்தலாவை முகாமில் வைக்கப்பட்டனர். காய்ச்சலால் அங்கு மாண்டோரின் பெயர்கள் நினைவுத் தூணிற் பொறிக்கப்பட்டன. தோட்டத் துரைமாரைக் கொண்ட இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படையின் ஓர் அணி 1914 அக்டோபரில் எகிப்துக்குப் புறப்பட்டு, மறு ஆண்டு கலிப்பொலியிற் பணியாற்றியது. அதன் வீரர்களின் பெயர்ப் பட்டியல்களும் கிடைக்கின்றன.

அத்துரைமாரின் தோட்டங்களிற் கொழுந்து பறித்த குடும்பங்களின் நிலை யாது?

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் கங்காணிமாருடன் ஊவா மலைகளுக்கு வந்தனர். ஒரு வீட்டில் அண்ணன் பதுளைத் தோட்டத்துக்கு வந்தான், தம்பி சென்னை மாகாணத்துப் படையிற் சேர்ந்து மெசப்பொத்தேமியாவுக்குச் சென்றான் எனக் கொள்வோம். அண்ணன் கழுத்திலே தோட்டத்தின் குறியும் ஆளின் எண்ணும் பொறித்த தகரச் சீட்டுத் தொங்கியது. தம்பிக்கும் படையிலே ஓர் எண் உண்டு. தம்பி மீளாதபோது அவன் நினைவுக்கு நேர்ந்தது யாது?

தமிழ்நாட்டின் சில ஊர்களில், 1914 முதல் 1919 வரை நிகழ்ந்த மகாயுத்தத்துக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று கூறும் கல்லை இன்றும் காணலாம். அதில் எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. 40,000க்கு மேற்பட்டோரை நினைவுகூரும் பஸ்ரா நினைவகத்திலும், இந்திய அதிகாரிகளின் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டது. சாதாரணச் சிப்பாய்களோ எண்ணிக்கையளவில் நின்றனர். பதவி, இனம், சமயம் என்னும் வேறுபாடின்றி யாவரையும் ஒப்ப நினைவுகூர்தல் 1917இல் நிறுவப்பட்ட போர்க் கல்லறை ஆணைக்குழுவின் கொள்கையாகும். ஆயினும், அக்கொள்கையிலிருந்து தவறியதை அவ்வாணைக்குழுவே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேர் பெயர் குறிக்கப்பெறாமலோ, முற்றாகவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்பது அவ்வறிக்கையின் முடிபு.

ஆயின், கல்லில் இல்லாத பெயர் ஏட்டில் இருத்தல் கூடும். ஆணைக்குழுவின் பதிவேடுகளில் இந்தியச் சிப்பாய்கள் பலரின் தந்தை பெயரும், ஊரும், தாலுகாவும் காணப்படுகின்றன. குடும்பப் பெயரென ஒன்றில்லாத தமிழருக்கு இதுவே சிறந்த துணை. ஆகவே தேடுவோர் முதலில் அறிய வேண்டியவை பாட்டனின் பெயர், அவர் தந்தையின் பெயர், சொந்த ஊர் ஆகிய மூன்றுமாம். இராமசாமி என்னும் பெயரை எழுத்தர்கள் ஆங்கிலத்திற் பலவாறு எழுதினர். அதனால் ஒரே எழுத்துமுறையை நம்பித் தேடுதல் பயன் தராது. பெயர் ஒன்று மட்டும் ஒத்திருப்பதால் உறவு உறுதியாகிவிடுவதுமில்லை. தந்தை பெயரும் ஊரும் ஒத்துவரும்வரை ஐயத்தை விடலாகாது. முதல் உலகப் போரின் பதக்கம் வீட்டில் இருந்தால் அதன் விளிம்பை உற்று நோக்குக. எண்ணும், பெயரும், படைப்பிரிவும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும்.

மறுபுறத்தில், தோட்டத்துச் செக்ரோல், பிறப்பு இறப்புப் பதிவுகள், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பிரசாவுரிமை கோரி எழுதிய மனுக்கள் ஆகியவை உள்ளன. விவாகமானவர் 7 ஆண்டும், ஆகாதவர் 10 ஆண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையை நிறுவ வேண்டியிருந்தமையால், குடும்பத்தின் செய்திகள் பல அம்மனுக்களில் இடம்பெற்றன. உரிமை கோரி எழுதிய தாள் இன்று வரலாற்றுச் சான்றாகிறது.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிவகுத்தது. புறப்பட்டோர் பெட்டியிலே பழைய தாள்களும் கடல் கடந்தன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தோட்டங்கள் கைமாறியபோது அவற்றின் பழைய ஏடுகளும் கைமாறின. எனவே ஒரு குடும்பத்தின் கதை பாதி பதுளையிலும் பாதி தமிழகத்திலுமாகக் கிடக்கிறது.

அவ்விரு பாதிகளையும் இணைக்க வல்லது முதியோரின் நினைவே. உங்கள் லயத்திலோ இல்லத்திலோ பாட்டி ஒருவர் இருப்பாராயின், படைக்குப் போய் மீளாத உறவினர் எவரேனும் உண்டா என்று இன்றே கேளுங்கள். அவர் கூறும் பெயரையும் ஊரையும் ஓர் ஏட்டிற் குறித்து வையுங்கள். எண்ணிக்கையில் ஒன்றாய் நின்ற ஒருவர் மீண்டும் தம் பெயரைப் பெறுவதற்கு அவ்வொரு வரி போதுமானதாகலாம்.