நிரை பிடித்து வந்த இசை

   

பரிசளிப்பு விழா மண்டபத்துக்குள் நுழையும்போது, கண்காட்சி மேசையின் மேல் பழைய பிஸ்கட் டின் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதன் பொத்தானை அழுத்தினால் சுருதிப் பெட்டியைப் போல ஒரே சுரத்தில் ஒலிக்கும். குமிழைத் திருகினால் சுரம் ஏறும், இறங்கும். மூடியைத் திறந்தால் உள்ளே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பலகையும் ஒரு பேட்டரியும் மட்டுமே இருக்கும். "இவ்வளவுதானா?" என்று பலரும் கேட்கிறார்கள். இவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்னப் பலகைக்குப் பெரிய வரலாறு உண்டு. அதை உங்களுக்குச் சொல்வதே என் நோக்கம். அத்துடன் ஒரு மாணவனுக்கு நான் பட்டிருக்கும் கடனையும் இங்கேயே தீர்த்துவிட எண்ணுகிறேன்.

ரொட்டிப் பலகையில் தொடக்கம்

வானொலி புதிதாக வந்த காலத்தில் ஆர்வமுள்ளவர்கள் வீட்டிலேயே வானொலிப் பெட்டி செய்தார்கள். உறுப்புகளை எதன்மேல் பொருத்துவது? அடுக்களையில் இருந்த ரொட்டி வெட்டும் மரப்பலகையை எடுத்து, அதில் ஆணி அடித்துக் கம்பி சுற்றினார்கள். அதனால்தான் மின்சுற்றைச் சோதித்துப் பார்க்கும் பலகைக்கு இன்றும் 'பிரெட்போர்டு' என்று பெயர்.

அடுத்த படியைக் கட்டியவர் பால் ஐஸ்லர். இவர் 1907இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1936இல் பிழைப்புத் தேடி இங்கிலாந்துக்கு வந்தவர். பலகையின்மேல் மெல்லிய செப்புத் தகட்டை ஒட்டி, வேண்டிய கோடுகள் மட்டும் மிஞ்சும்படி மற்றதை இரசாயனத்தால் அரித்துவிட்டால் கம்பியே வேண்டாம் என்று கண்டார். 1943இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அச்சிட்ட மின்சுற்று என்பது இதுதான். போர் முடிந்தபின் தொழிற்சாலைகள் இதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் வீட்டில் ஒரேயொரு கருவி செய்பவன் இரசாயனத்துக்கும் அச்சுக்கும் எங்கே போவான்?

அந்தச் சாதாரண மனிதனுக்கு வழி பிறந்தது 1961ஆம் ஆண்டு வாக்கில். தென் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பக்கம் வீரோ என்றொரு நிறுவனம் இருந்தது. அங்கு வேலை செய்த டெர்ரி ஃபிட்ஸ்பேட்ரிக் என்பவரின் யோசனை மிக எளிமையானது. ஒவ்வொரு மின்சுற்றுக்கும் தனித்தனிக் கோடு எதற்கு? எல்லாப் பலகையிலும் ஒரே மாதிரி நேரான செப்புப் பட்டைகளை வரிசையாக ஓட்டுவோம்; ஒரே இடைவெளியில் துளையும் போட்டுக் கொடுப்போம்; எதை எங்கே வைப்பது என்பதை வாங்குபவனே முடிவு செய்துகொள்ளட்டும்! இப்படிப் பிறந்ததுதான் 'வீரோபோர்டு'. பொதுப்பெயர் ஸ்டிரிப்போர்டு. இன்று வழக்கமாகக் கிடைக்கும் பலகையில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே பத்தில் ஒரு அங்குலம், அதாவது 2.54 மில்லிமீட்டர் தூரம்.

தோட்டத்து மக்களுக்கு இதை விளக்குவது சுலபம். பால்மரக் காட்டை மேட்டில் நின்று பாருங்கள். நிரை நிரையாக மரங்கள் நிற்கும். ஒரு செப்புப் பட்டை ஒரு நிரை, துளைகள்தாம் மரங்கள். மின்சாரம் நிரையோடுதான் ஓடும். பக்கத்து நிரைக்குத் தானாகத் தாவாது. தாவ வேண்டுமானால் ஒரு மின்தடையோ ஒரு துண்டுக் கம்பியோ பாலம் போட வேண்டும். போகக்கூடாத இடத்தில் பட்டையை வெட்டிவிட வேண்டும். கானில் ஓடும் தண்ணீரை மண் போட்டு மறிப்பதில்லையா, அதுபோலத்தான்!

பழுதிலிருந்து பிறந்த ஓசை

இந்தப் பலகை வந்த நேரம் நல்ல நேரம். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான டிரான்சிஸ்டர், அப்போது சாதாரண மக்கள் வாங்கும் விலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சூடேறும் கண்ணாடிக் குழாய்கள் தேவையில்லை, பேட்டரியே போதும்.

அதே காலத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு வேடிக்கை நடந்தது. மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் பாட்டைப் பதிவு செய்யும்போது ஒலிப்பதிவு மேசையில் ஏதோ பழுது. கிட்டார் கரகரவென்று இரைந்தது. வேறு யாராக இருந்தாலும் தூக்கி எறிந்திருப்பார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்த இரைச்சலிலும் ஓர் அழகைக் கண்டு, அதையே டிரான்சிஸ்டர்களால் வேண்டும்போது எழுப்பும் கருவியை உருவாக்கினார். 1962இல் அது 'மேஸ்ட்ரோ ஃபஸ்டோன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1965இல் இலண்டனில் கேரி ஹர்ஸ்ட் என்பவர் 'டோன் பெண்டர்' என்ற கருவியைச் செய்தார். பின்னர் வந்த டோன் பெண்டர் கருவிகள் சிலவற்றின் உள்ளே இதே செப்புப் பட்டைப் பலகைதான் இருந்தது. விலை உயர்ந்த இசைக்குள்ளும் நம் பலகை நுழைந்துவிட்டது பார்த்தீர்களா!

மின்னிசைப் பெட்டியால் உலகப் புகழ் பெற்ற ராபர்ட் மூக் கூட வீட்டில் செய்து பழகியவர்தான். பள்ளிப் பருவத்திலேயே, கை தொடாமல் வாசிக்கும் 'தெரெமின்' கருவியைச் செய்தார். தந்தையோடு சேர்ந்து அதை விற்கவும் செய்தார். 1964இல் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து தம் முதல் மின்னிசைத் தொகுதியை அமைத்தார்.

அதே 1964இல் இங்கிலாந்தில் 'பிராக்டிக்கல் எலெக்ட்ரானிக்ஸ்' என்ற மாத இதழ் தொடங்கியது. இத்தகைய இதழ்கள் மின்சுற்றுப் படத்தோடு நிற்காமல், பலகையில் எந்த உறுப்பு எந்தத் துளையில் என்ற வரைபடத்தையும் அச்சிட்டன. கடையில் வாங்க முடியாத இசைக்கருவியை, மாதா மாதம் இதழைப் பார்த்து வீட்டில் கட்டிக்கொண்டார்கள்.

1971இல் ஹான்ஸ் கமன்சிண்ட் என்பவர் '555' என்ற எட்டுக் கால் சில்லை வடிவமைத்தார். அதனோடு இரண்டு மின்தடை, ஒரு மின்தேக்கி சேர்த்தால் ஒலி பிறந்துவிடும். மின்தடையைக் கூட்டினால் சுரம் தாழும்; குறைத்தால் உயரும். நம் பிஸ்கட் டின்னுக்குள் இருப்பதும் இந்தச் சில்லேதான். அமெரிக்காவின் ஃபாரஸ்ட் மிம்ஸ் இத்தகைய சுற்றுகளைக் கட்டம் போட்ட தாளில் கையாலேயே எழுதி வரைந்து நூல்களாக்கினார். அவருடைய ஒலிச்சுற்று ஒன்று 'அட்டாரி பங்க் கன்சோல்' என்ற பட்டப்பெயருடன் இன்றும் உலகமெங்கும் மாணவர்களால் கட்டப்படுகிறது.

தாளில்தான் வேலை

சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்? இங்கே சுவர் என்பது பென்சிலும் கட்டத்தாளும். மின்சுற்றுப் படம் எது எதோடு சேர வேண்டும் என்று மட்டும் சொல்லும். எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லாது. அதை முடிவு செய்வதே வடிவமைப்பு.

முதலில் பட்டைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயரிடுங்கள். துளைகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். மேல் பட்டை பேட்டரியின் கூட்டல் முனைக்கு, கீழ்ப் பட்டை கழித்தல் முனைக்கு. நடுவில் சில்லை வையுங்கள். சில்லின் இரண்டு வரிசைக் கால்களுக்கும் நடுவே நான்கு பட்டைகளையும் வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் எதிரெதிர்க் கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். கையால் திருகும் துளையாணியே வெட்டப் போதும். ஒலிபெருக்கியாக இருந்தால் ஒலி நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் கோவில் மைக் போல 'கூ' என்று ஊளையிடும். தாளில் நான்கு தடவை அழித்து எழுதலாம், பாதகமில்லை. ஈயம் வைத்தபின் அழிப்பது கஷ்டம்.

நான் பட்ட கடன்

சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனோடு இதேபோல் ஒரு பெட்டி செய்தேன். அவன் தாயார் பால் வெட்டும் தொழிலாளி. படத்தை நான் வரைந்தேன். 24 துளை நீளமுள்ள பலகை. "ஏழாம் துளையில் நான்கு பட்டைகளையும் வெட்டு" என்று தாளைக் கொடுத்தேன். வெட்டினான். சில்லை வைத்தோம், ஈயம் வைத்தோம், பேட்டரியை மாட்டினோம். பெட்டி வாய் திறக்கவில்லை.

மறுநாள் விழா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும், "கவனம் இல்லாமல் வேலை செய்தால் இப்படித்தான்!" என்று கடிந்துகொண்டேன். அவன் மெல்ல, "சார், நீங்க வரைஞ்ச எடத்துலதான் வெட்டினேன்" என்றான். நான் காதில் வாங்கவில்லை.

அன்றிரவு வீட்டில் தாளையும் பலகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாளில் உள்ளபடியேதான் வெட்டியிருந்தான். தவறு என்னுடையது! நான் வரைந்தது உறுப்புகள் இருக்கும் மேல்பக்கம். செம்பு இருப்பதோ அடிப்பக்கம். பலகையைத் திருப்பினால் இடது வலதாகிவிடும். மேலே ஏழாம் துளை, கீழே இடமிருந்து எண்ணினால் பதினெட்டாம் துளை. இதை நான் அவனிடம் சொல்லவே இல்லை.

மறுநாள் விழாக் கூட்டத்தில் அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆசிரியர் என்ற கௌரவம் தடுத்தது. அவன் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டான். குடும்பமும் தோட்டத்தை விட்டுப் பட்டணம் போனது. பின்னர் ஒருநாள் அவன் தாயாரைச் சந்தைக்கடையில் பார்த்து நடந்ததைச் சொன்னேன். "விடுங்க சார், சின்னப் புள்ளதானே" என்றார். சற்று நின்று, "ஆனா அதுக்கப்புறம் அவன் ஸ்குருடிரைவர கையில எடுக்கல சார்" என்றார். அந்தச் சொல் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

தம்பி! இந்த மலர் உன் கைக்கு வந்து சேரும் என்று நம்புகிறேன். நீ சரியாகத்தான் வெட்டினாய். தவறு என் தாளில் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு சட்டம். ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு தாள்: ஒன்று மேல்பக்கம், ஒன்று அடிப்பக்கம். வெட்டும் முன் இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மேசையில் பாடும் டின் அப்படிச் செய்யப்பட்டதே.

படமும் நமதாகட்டும்

பெற்றோர்களே! 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. உருப்பெருக்கியில் கண் வைத்து, மயிரிழை போன்ற கம்பிகளைச் சில்லில் இணைத்த கைகளில் நம் பெண்களின் கைகளும் உண்டு. கை நம்முடையதாக இருந்தது. படம் வேறு எங்கிருந்தோ வந்தது. இன்று கைப்பேசியைத் தொட்டால் ஆயிரம் வாத்தியம் ஒலிக்கிறது. கணினியில் வரைந்து அனுப்பினால் அச்சிட்ட பலகையே வீட்டுக்கு வருகிறது. பிறகு எதற்கு இந்தப் பழைய பலகை என்று கேட்கலாம். பிள்ளை தானே சிந்தித்து, தானே வரைந்து, தவறினால் தானே கண்டுபிடித்துத் திருத்த இதைவிடச் செலவு குறைந்த பள்ளிக்கூடம் இல்லை என்பேன்.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு கட்டத்தாள் வாங்கிக் கொடுங்கள். பெட்டி பாடாவிட்டால் உடனே கடியாதீர்கள். நாம் கொடுத்த தாளை முதலில் திருப்பிப் பார்ப்போம்.