தென்னை நண்டு ஓடு மாற்றும் கதை

அந்தமான் நிகோபார்த் தீவுகளின் அரிய உயிர்களுள் ஒன்று தென்னை நண்டு. தெற்கு சென்டினல் தீவிலும் நிகோபார்த் தீவுகள் சிலவற்றிலும் அது வாழ்கிறது. நிலத்தில் வாழும் கணுக்காலிகளுள் இதனினும் பெரியது உலகில் இல்லை. நான்கு கிலோ வரை எடையுள்ளது. கால்களை விரித்தால் ஒரு மீட்டர் அகலம் இருக்கும். குஞ்சுப் பருவத்தைக் கடலில் கழித்துவிட்டுக் கரையேறும் இந்நண்டு, வளர்ந்தபின் நீரில் நெடுநேரம் கிடந்தால் மூழ்கி மாண்டுபோகும். பிறந்த இடம் ஒன்று, வாழும் இடம் வேறொன்று என்ற வகையில், பிற மாநிலங்களில் வாழும் நமக்கும் அதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு.

நண்டின் உடல் வளரும், ஓடு வளராது. ஆகவே பழைய ஓட்டைக் களைந்தாலன்றி அது பெரிதாக இயலாது. தென்னை நண்டு மண்ணில் வளை தோண்டி, பல வாரங்கள் மறைந்திருந்து இச்செயலை முடிக்கிறது. கழற்றிய ஓட்டையே உண்டு அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பெறுகிறது. புதிய ஓடு இறுகும் வரை அதற்குக் காப்பு ஏதுமில்லை. இத்தகைய ஆபத்தான வேலைக்கு வேளை குறிப்பது எது?

1905-ஆம் ஆண்டில் ஸெலனி என்ற விஞ்ஞானி, கண்காம்பு நீக்கப்பட்ட நண்டுகள் விரைவில் ஓடு மாற்றுவதைக் கண்டார். ஓடு மாற்றத்தைத் தடுக்கும் ஹார்மோன் ஒன்று கண்காம்பில் சுரக்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தூண்டும் ஹார்மோன் எது என்பதற்கு விடை பட்டுப்பூச்சியிடமிருந்து வந்தது. 1954-இல் ஜெர்மானியரான பூட்டனான்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் 'எக்டைசோன்' பிரித்தெடுத்தனர். 1966-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ஏறத்தாழ ஒரு டன் கடல் இறால் கழிவிலிருந்து இரண்டே மில்லிகிராம் ஹார்மோன் பெற்றனர். அதுவும் எக்டைசோன் இனத்ததே. பூச்சிக்கும் நண்டுக்கும் கட்டளை மொழி ஒன்றே என்பது இதனால் புலனாயிற்று.

கட்டளை எங்கே சென்று சேர்கிறது? 1960-இல் கிளெவரும் கார்ல்சனும் ஒருவகைக் கொசு போன்ற பூச்சியின் புழுவில் எக்டைசோனைச் செலுத்தினர். அதன் பெரிய குரோமோசோம்களில் குறிப்பிட்ட சில இடங்கள் விரைவிலேயே புடைத்தன. ஹார்மோன் ஜீன்களையே எழுப்புகிறது என்றார் கார்ல்சன். உயிரணுவிலுள்ள உப்புக்களின் மாறுதலே காரணம் என்று வேறு சிலர் மறுத்தனர். 1974-இல் ஆஷ்பர்னரும் அவர் குழுவினரும், ஹார்மோனை ஏற்கும் புரதம் ஒன்று முதலில் சில ஜீன்களை இயக்க, அவற்றின் விளைபொருள்கள் அடுத்த ஜீன்களை இயக்குகின்றன என விளக்கினர். அப்புரதத்தின் ஜீன் 1991-இல் பழ ஈயில் கண்டுபிடிக்கப்பட்டது. நண்டினத்திலும் அதன் உறவுப் புரதம் பின்னர்க் கிடைத்தது.

இந்த ஏற்பிப் புரதம் உயிரணுவின் உட்கருவில் இன்னொரு புரதத்தோடு இணைந்து, டி.என்.ஏ. இழையில் தனக்குரிய இடத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அதன் உடலில் ஒரு குழிவு உண்டு. ஹார்மோன் அக்குழிவிற் பொருந்தியதும் புரதத்தின் வடிவம் மாறுகிறது. ஜீனை அடக்கி வைத்திருந்த துணைப் புரதங்கள் விலகுகின்றன. தூண்டும் துணைகள் வந்து சேர்கின்றன. உறங்கிய ஜீன் வேலை தொடங்குகிறது.

மனித உடலிலும் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிகள் 48 உண்டு. தைராய்டு ஹார்மோனும், வைட்டமின் டி-யும், வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் அமிலமும் இவ்வழியே ஜீன்களை ஆள்கின்றன. கம்பளிப்புழுக்களை அகாலத்தில் தோலுரிக்கச் செய்து கொல்லும் சில பூச்சிமருந்துகளும் எக்டைசோனின் குழிவிலேயே சென்று பொருந்துபவை.

தென்னை நண்டு மெல்ல வளர்வது. பல ஆண்டுகள் ஓடு மாற்றி மாற்றியே முழு அளவை எட்டுகிறது. வளையில் மென்மையாய்க் கிடக்கும் ஒரு நண்டைப் பிடிக்கச் சில நிமிடங்கள் போதும். அதன் இடத்தை மற்றொன்று நிரப்பப் பல்லாண்டுகள் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவல் அளித்திருக்கிறது. ஓடில்லாத அந்தச் சில வாரங்களில் அதற்கு வாய்த்த ஓடு, அச்சட்டமும் நம்முடைய நல்லெண்ணமுமே.